ஒரே கேட்டில் இரண்டு காவல்காரர்கள்

சோப்புத் தொழிற்சாலையின் கேட்டில் வேலை பார்த்த காலத்திலேயே அவருக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர் விழுந்துவிட்டது. பையைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்பதால் அல்ல. திறந்து காட்டிய பிறகும் நம்பமாட்டார் என்பதால். சாப்பாட்டு டப்பாவின் மேல் தட்டை எடுத்துவிட்டு அடித்தட்டைப் பார்ப்பார். வெயில் கொளுத்தும் நாளில் குடை கொண்டு வந்தவனை நிறுத்தி, விரித்துக் காட்டச் சொல்வார். ஒருநாள் மேனேஜர் காரையே மறித்து டிக்கியைத் திறக்கச் சொன்ன ஆள். மேனேஜர் முறைத்தார், இவர் டிக்கியை முறைத்தார். உள்ளே ஒன்றும் இல்லாமல் போனதில் அவருக்கு இன்றுவரை வருத்தம்தான்.

வயதானதும் கேட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் சந்தேகத்தை யார் ஓய்வுக்கு அனுப்புவது? அது அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டது. வாசல் கதவில் சங்கிலி, சங்கிலிக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், அதற்கும் மேலே எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடித் துளை. மகள், தான் கட்டிக்கொள்ளப் போகிற பையனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, சங்கிலியை எடுக்காமல் கதவிடுக்கு வழியாக, "ஐடி கார்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் மனுஷன். பையனும் பாவம், எடுத்துக் காட்டினான். அவன்தான் இன்றைய மாப்பிள்ளை. பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. எக்ஸ்ரேவுக்கு அது ஒன்று போதாதா?

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. முன்னறை ஜன்னலோரம், தூசி படாமல் பழைய துண்டு போர்த்தி வைத்திருப்பார்கள். அதில் முக்கால்வாசி வேலை அவருடைய மனைவிக்குத்தான். அவரைத் தெருவே 'டீச்சர்' என்று கூப்பிடும். சில சமயம் எக்ஸ்ரேவும் அப்படித்தான் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்துத் தெருவில் இருக்கும் பார்வையில்லாத ஒரு மாணவிக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்துவந்தார். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாசிப்பார். இந்த வருஷம் வரலாறு. முழுப் புத்தகமும் டீச்சர் குரலில் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

ஏன் வேறெங்கும் இல்லை? எல்லாம் எக்ஸ்ரேவின் உத்தரவு. பாடம் முடிய முடிய மாணவியின் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார் டீச்சர்.

"ஒவ்வொரு தடவையும் அந்தப் பென் டிரைவ் உள்ள வந்து வெளிய போகணுமா? எதெல்லாம் ஒட்டிக்கிட்டு வரும்னு தெரியுமா? கடைசியில மொத்தமா ஒரே தடவை கொடுத்துக்கலாம்."

"கண்ணு தெரியாத பொண்ணு மேலயுமா உங்களுக்குச் சந்தேகம்?"

"பொண்ணு மேல இல்ல. பென் டிரைவ் மேல."

இப்படிப்பட்டவரிடம் கம்ப்யூட்டரின் சாவி, அதாவது பாஸ்வேர்ட், இருந்தால் எப்படி இருக்கும்? டீச்சர் எதைப் புதிதாகப் போட வேண்டுமானாலும், எதை மாற்ற வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பி நில்லு" என்பார். டீச்சரும் திரும்பி நிற்பார். கட்டிய பெண்டாட்டி, வாத்தியார் வேலை பார்த்தவர், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து முடித்ததும், "ம், திரும்பு" என்பார். அந்தச் சுவரில் டீச்சருக்குத் தெரியாத விரிசல் கிடையாது.

கம்ப்யூட்டரை வாங்கியபோதே அதோடு ஒரு ஆன்டிவைரஸ் வந்திருந்தது. எக்ஸ்ரே அதற்கு வைத்த பெயர் 'பழையவன்'. பழையவன் மேல் அவருக்குத் தனி மரியாதை. நாள் தவறாமல் சிவப்புப் பெட்டி ஒன்று திரையின் மூலையில் எட்டிப் பார்த்து, 'ஆபத்து' என்று கத்தும். "பார்த்தியா, தூங்காம நிக்கிறான்" என்று பூரித்துப்போவார். அவனுடைய சந்தாக் கெடு முடியப் போகிற சமயத்தில் கத்தல் இன்னும் கூடிப்போனது. டீச்சர் வாசிக்கும்போது நடுவில் பெட்டி குதிக்கும், கம்ப்யூட்டர் திணறும், பதிவு விட்டு விட்டு விழும். ஒரு பேரரசனின் படையெடுப்பைப் பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டீச்சர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை மாமாவிடம் பேசினார்.

"மாமா, அது கத்துறதுல பாதி விளம்பரம். பயமுறுத்தினாத்தானே திரும்ப வாங்குவீங்க? வேற ஒண்ணு சொல்றேன், லேசானது. மாத்திடுங்க."

"அதைச் சொல்றதுல உங்களுக்கு என்ன லாபம் மாப்பிள்ளை?"

"ஒண்ணும் இல்ல மாமா. அத்தை கேட்டாங்க, சொல்றேன்" என்றார் மாப்பிள்ளை. பிறகு நிதானமாக வழிமுறையைச் சொன்னார். முதலில் அத்தையின் பதிவுகளை வேறொரு பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். புதியதை அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, பழையதை நீக்கி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, அப்புறம்தான் புதியதைப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடவே கூடாது.

எக்ஸ்ரே, "சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளை" என்று கேட்டுக்கொண்டார். ஆனால் மனசு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. பழையவன் போய்ப் புதியவன் வருவதற்குள், நடுவில் கேட்டில் யார் நிற்பது?

கேட்டில் இருந்தவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. தொழிற்சாலையில் அடுத்த ஆள் வந்து தோளோடு தோள் நின்று பொறுப்பேற்காமல், முந்தைய ஆள் நாற்காலியை விட்டு எழவே கூடாது. ஒருமுறை அடுத்த ஆள் வராமல் போனபோது, காய்ச்சலோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் இவர். அப்படிப்பட்டவரிடம் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போ என்றால் போவாரா? அதுவும் சொன்னது யார்? காரணமே இல்லாமல் நல்லது சொல்கிற மாப்பிள்ளை!

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் காய்கறி வாங்கக் கிளம்பினார். மறுநாள் மாணவிக்குப் பரீட்சை. கடைசிப் பாடத்தை முந்தின நாளே வாசித்து முடித்தாகிவிட்டது. சாயங்காலம் மாணவி வந்து மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. டீச்சர் தெருமுனை திரும்பியதும் எக்ஸ்ரே துண்டை விலக்கி உட்கார்ந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அவர் சந்தேகம் முழுக்க வீண் இல்லை. புதியதைத் தேடியபோது முதலில் வந்து நின்ற பக்கம் அசல் மாதிரியே இருந்தது. முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். வேறொருவர் என்றால் அமுக்கியிருப்பார். எக்ஸ்ரே மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "யார்கிட்ட?" என்று திரையைப் பார்த்து உறுமிவிட்டு, சரியான தளத்துக்கே போய் இறக்கினார். அதுவரை சபாஷ்தான்.

அங்கேயே நின்றிருக்கலாம். பதிவுகளை எடுத்து வைக்கவில்லை, பென் டிரைவ் மேல்தான் நம்பிக்கை இல்லையே. பழையவனை நீக்கவும் இல்லை. புதியவன் உள்ளே நுழையும்போதே, 'இங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவரை முதலில் நீக்குங்கள்' என்று சொன்னான். "வந்ததும் வராததுமா பழைய ஆளைத் தூக்கச் சொல்றியா?" என்று எக்ஸ்ரே அதையும் மீறித் தொடரச் சொன்னார்.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? புதியவன் பழையவனைப் பார்த்து, 'சந்தேகத்துக்குரிய ஆள்' என்றான். பழையவன் புதியவனைப் பார்த்து, 'ஆபத்து' என்றான். ஒரே கேட்டில் இரண்டு பேர் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே மின்விசிறி அலறியது. அம்புக்குறி நகரவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஆமை வேகத்தில் எழுந்தது. அதற்குள் டீச்சர் காய்கறிப் பையோடு உள்ளே வந்துவிட்டார்.

"என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல. துடைச்சேன்."

டீச்சர் திரையைப் பார்த்தார். பதிவு செய்யும் மென்பொருள் இருந்த இடம் காலியாக இருந்தது. அது யாரோ ஒரு தனி ஆள் செய்து இலவசமாகக் கொடுத்தது. பதிவுகளையும் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்புறையே இல்லை. வருஷம் முழுக்க வாசித்த வரலாறு இல்லை.

டீச்சர் காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பொண்ணு இன்னிக்கு ராத்திரி எதைக் கேட்டுப் படிக்கும்?" என்றார். எக்ஸ்ரே துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"எல்லாம் உன் மாப்பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டதால வந்த வினை."

"அவர் சொன்னபடியா செஞ்சீங்க?"

எக்ஸ்ரே ஜன்னலைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல. அவர் சொன்னபடி செஞ்சீங்களா?"

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்கள். மணி அடித்து அடித்து நின்றது. "பார்த்தியா, எடுக்க மாட்டேங்கிறார்" என்று வாய்வரை வந்ததை, டீச்சர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். கை சும்மா இருக்கவில்லை. பழையவனை இப்போதாவது தூக்கிவிடுவோம் என்று நீக்கும் பெட்டியைத் திறந்தார். பெட்டி பவ்யமாகக் கேட்டது: 'பிடித்து வைத்தவற்றையும் சேர்த்து அழித்துவிடலாமா?' பக்கத்தில் ஆமாம் என்று குறியும் தானாகவே போட்டிருந்தது.

விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. பிடித்து வைத்தவை! தொழிற்சாலை கேட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. சந்தேகத்தில் வாங்கி வைத்த பை, டப்பா, செருப்பு எல்லாம் விசாரணை முடியும்வரை அங்கேதான் கிடக்கும். பாதிக்கு மேல் ஒரு தப்பும் செய்யாத ஜனங்களுடையது. ஆள் மாறும்போது அந்த அறையைப் பார்க்காமல் கிளம்ப முடியாது. இத்தனை நாள் பழையவனுக்கும் அப்படி ஒரு அறை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"டீச்சர், இங்க வா."

நீக்கும் பெட்டியை மூடிவிட்டு, பழையவனுக்குள்ளே தேடி அந்த அறையைத் திறந்தார். இருந்தது. கோப்புறை முழுசாக, ஒரு பாடம் குறையாமல், 'அடையாளம் தெரியாதது, சந்தேகத்துக்குரியது' என்ற முத்திரையோடு கிடந்தது. சண்டைக் களேபரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்து உள்ளே போட்டிருக்கிறான் மடையன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். விடுவிக்கச் சொன்னால், பாஸ்வேர்ட் கேட்டது.

எக்ஸ்ரே பழக்க தோஷத்தில், "கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பி நில்லு" என்றார்.

டீச்சர் திரும்பி நின்றார்.

அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. இன்னும் ஒருமுறை தேடித் தேடி அடித்தார். தவறு.

"நடுவுல ஒரு எழுத்தை விட்டுட்டீங்க" என்றார் டீச்சர், சுவரைப் பார்த்தபடியே. விட்ட எழுத்து எது என்பதையும் சொன்னார்.

எக்ஸ்ரேவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே அடிக்கிறீங்க. திரும்பி நில்லுன்னுதான் சொன்னீங்க. காதைப் பொத்திக்கச் சொல்லலையே."

"எத்தனை நாளா?"

"கம்ப்யூட்டர் வாங்கின நாள்ல இருந்து."

"தெரிஞ்சிட்டு ஏன் ஒரு தடவைகூட நீயா திறக்கல? ஒவ்வொரு தடவையும் எதுக்கு என்னைக் கூப்பிட்ட?"

"நீங்க சொல்லித் தரலையே."

எக்ஸ்ரே இத்தனை வருஷத்தில் எத்தனையோ பைகளைத் திறந்திருக்கிறார். இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. விட்ட எழுத்தையும் சேர்த்து அடித்தார். கோப்புறை அதன் இடத்துக்கு வந்தது. டீச்சர் பதிவு ஒன்றைத் தட்டினார். பேரரசனின் படையெடுப்பு எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது.

மத்தியானத்துக்கு மேல் மாப்பிள்ளை திரும்பக் கூப்பிட்டார். பஸ் இரைச்சலில் போன் சத்தம் கேட்கவில்லையாம். எக்ஸ்ரே இந்தத் தடவை அவர் சொன்னதை எல்லாம் அப்படியே செய்தார். பதிவுகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்தார், இணையத்தைத் துண்டித்தார், மாட்டிக்கொண்டு நின்ற இருவரையும் நீக்கினார், அணைத்துப் போட்டார், புதியவனை மட்டும் ஒற்றை ஆளாக உட்கார வைத்தார். டீச்சரின் மென்பொருளை அனுமதித்தவர்களின் பட்டியலிலும் சேர்த்தார். இடையில் கொஞ்ச நேரம் கேட்டில் யாரும் இல்லைதான். திக்திக்கென்று இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எல்லாம் ஆச்சு மாமா. கடைசியா பாஸ்வேர்டையும் மாத்திடுங்க. பழசு யாருக்காவது தெரிஞ்சிருந்தா நல்லதில்லை" என்றார் மாப்பிள்ளை.

எக்ஸ்ரே போனை வைத்தார். பிறகு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு டீச்சர். புதுசு நீ போடு" என்றார்.

டீச்சர் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே எக்ஸ்ரே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவ்வளவு கிட்டத்தில் அந்த விரிசல்களை அவர் இதுவரை பார்த்ததில்லை. பின்னால் விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் வாயைத் திறக்கவே இல்லை.

"ம், திரும்புங்க" என்றார் டீச்சர்.

வாசலில் மணி அடித்தது. மாணவி பென் டிரைவோடு வந்திருந்தாள். எக்ஸ்ரே போய்ச் சங்கிலியை எடுத்துக் கதவைத் திறந்தார். புது பாஸ்வேர்ட் என்ன என்று அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.