ஸ்பொன்சர் என்றால் காசு கட்டுவது யார்?

1. எதிர் மதில்

காலை எட்டு மணி நாற்பது நிமிடம். கிளிநொச்சியில் என் மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் பூட்டைத் திறக்கப் போகும்போது முதலில் கண்டது, எதிர் மதிலில் கட்டியிருந்த புதிய பனர். நீல வானம், வெள்ளை விமானம், அதன் மூக்குக்கு மேலே பாடசாலைச் சீருடையில் ஒரு பெண்பிள்ளையின் படம். “சர்வதேச விமான நிறுவனத்தின் முழு அனுசரணையுடன் விமானியாகும் எமது மாணவி” என்று எழுதி, கீழே ஒரு தனியார் கல்வி நிலையத்தின் பெயர். வாசித்து முடித்துத் திரும்பினால் அதே பிள்ளை என் வாசற்படியில் நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய தகப்பன், தலைக்கவசத்தைக் கழற்றாமல்.

நான் மாவட்டச் செய்தியாளராக இருந்து, பின்னர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரானவன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி இவைதான் அன்றாட வேலை. விமானத்தில் ஏறப் போகிறவர்கள் எத்தனையோ பேர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். ஓட்டப் போகிறேன் என்று வந்தவள் இந்தப் பிள்ளை மட்டுந்தான். பெயர் நிரோஜா. உயர்தரத்தில் கணிதப் பிரிவு. தகப்பன் தவராசா, ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிறவர்.

“அண்ணை, ரெண்டு உறுதி இருக்கு. ஒண்டு வயல், மற்றது மேட்டுக்காணி. இங்கிலீசில வேணும். ஏதோ வங்கிக்குக் காட்டோணுமாம்” என்றார் தவராசா.

“எதுக்காம்?”

“அதைத்தான் நானும் கேக்கிறன். ஸ்பொன்சரில கூப்பிடுறவன் ஏன் என்ர உறுதியைக் கேக்கிறான்?”

நிரோஜா கையிலிருந்த கோப்பை மேசையில் வைத்தாள். “நான் அண்டைக்கே சொன்னனான் அப்பா. ஸ்பொன்சர் எண்ட சொல்லைக் கேட்ட உடன நீங்கள் எழும்பிப் போய்க் கோயிலில தேங்காய் உடைச்சுப்போட்டு வந்தனீங்கள். மிச்சத்தை ஆர் கேட்டது?”

“அப்ப அந்தா தொங்குதே, அது?”

“அது டியூசன் சேர் கட்டினது. அவரும் மிச்சத்தைக் கேக்கேல்ல.”

2. ஒரு சொல்

எங்கள் பக்கத்தில் ஸ்பொன்சர் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். கனடாவில் இருக்கும் மகன் தாயை ஸ்பொன்சரில் எடுத்தால் டிக்கெட், அங்கே சாப்பாடு, குளிருக்கு உடுப்பு எல்லாம் மகன் பொறுப்பு. விளையாட்டு விழாவில் வெற்றிக் கிண்ணத்துக்குக் காசு கொடுக்கும் கடைக்காரரும் ஸ்பொன்சர்தான்; எழுத்துத் தமிழில் அனுசரணையாளர். எப்படிப் பார்த்தாலும் கூப்பிடுகிறவர் செலவழிப்பார். யார் கட்டுவது என்று இதில் ஒருவருக்கும் கேட்கத் தேவைப்பட்டதில்லை.

நிறுவனம் அனுப்பியிருந்த அந்தக் கோப்பைப் படித்தேன். ஒளித்து வைத்த சங்கதி ஒன்றும் அதில் இல்லை. விமான நிறுவனம் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும். தான் ஒப்புக்கொண்ட பறப்புப் பாடசாலைக்கு அனுப்பும். கட்டணம் முழுவதையும் பயிலுநர் செலுத்த வேண்டும். கடன் தரும் வங்கிக்குக் காணி, வீடு போன்ற ஆதனம் ஈடு காட்ட வேண்டும். பயிற்சி முடிந்தபின் துணை விமானி வேலை, நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டு. முதற்பக்கத்திலேயே எல்லாம் இருந்தது. நிரோஜா பென்சிலால் கோடும் கீறியிருந்தாள்.

சட்ட ஆலோசனை சொல்வது என் தொழில் அல்ல. உறுதிகளுக்கு வேலை தொடங்குமுன், அந்தத் திட்டத்தின் பெயரை மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதித் தவராசாவிடம் கொடுத்தேன்: “விமான நிறுவனம் தெரிவு செய்ய, பயிலுநர் தம் சொந்தச் செலவில் கற்கும் திட்டம்.”

அவர் வாய்விட்டு வாசித்தார். “ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீட்டோ அண்ணை?”

“சுருக்கினா உங்கட வயல் விடுபட்டுப் போகும்.”

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

3. குளம்

நிறுவனத்தின் கொழும்புக் கிளையில் தமிழ் பேசும் ஒரு பெண் அலுவலர் இருந்தார். நிரோஜா அவரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

“சொல்லுங்க அங்கிள்” என்றார் அந்தப் பெண்.

“மிஸ், ஸ்பொன்சர் எண்டிட்டு எங்களிட்டக் காசு கேக்கிறியள்?”

“ஸ்பொன்சர்னா, எங்க பேர்ல ஸ்கூலுக்கு அனுப்புறோம் அங்கிள். செலெக்ஷன் எங்களோடது. பீஸ் உங்களோடது. எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்க. அந்தப் பேரை வச்சது நான் இல்ல.”

“சரி. படிச்சு முடிச்சா வேலை நிச்சயமோ?”

அதற்கு அவர் சொன்ன பதிலுக்காக எனக்கு இன்றைக்கும் அவர்மேல் மதிப்பு உண்டு. “நிச்சயம்னு சொன்னா பொய் அங்கிள். முடிச்சவங்களை வெயிட்டிங் பூல்ல போடுவோம். தேவை வரும்போது பூல்ல இருந்து எடுப்போம். போன பட்ச்ல சில பேர் இன்னும் பூல்லதான் இருக்காங்க.”

தவராசா மகளைப் பார்த்தார். “பூல் எண்டா குளமெல்லே?”

“இது வேற பூல் அப்பா. காத்திருக்கிற ஆக்களின்ர வரிசை.”

“எனக்கு இதுதான் வடிவா விளங்குது” என்றார் அவர், தொலைபேசிப் பக்கம் குனிந்து. “தண்ணி இருந்தா வயலுக்கு விடுவியள். இல்லாட்டி விதைச்சவன் குளத்தைப் பாத்துக்கொண்டு நிக்கோணும். அப்பிடித்தானே மிஸ்?”

“நீங்க சொல்றது முழுசா விளங்கல. ஆனா அப்படித்தான்னு நினைக்கிறேன்” என்று சிரித்தார் அந்தப் பெண்.

“நிக்கிற காலத்தில கடன்?”

“கடன் ஓடும் அங்கிள். வட்டியும் ஓடும்.”

சிறுபோகம் என்னும் கோடை விதைப்புத் தொடங்குமுன் இங்கே விவசாயிகளைக் கூட்டுவார்கள். குளத்து நீர்மட்டத்தை வாசித்து, இந்த முறை ஆளுக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். அதற்குமேல் விதைத்தால் அவரவர் பாடு. கோப்பிலிருந்த ‘உட்பட்டு’ என்ற சொல்லை அந்தக் கூட்டங்களில் தவராசா எத்தனையோ முறை கேட்டிருப்பார். நான் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிரோஜா விடவில்லை. “போன சிறுபோகம் கூட்டத்தில சொன்னதுக்கு மேலால நீங்களும் விதைச்சனீங்கள்தானே?”

“விதைச்சனான்தான். கடைசித் தண்ணி வராமல் ஒரு பக்கம் கருகினதையும் சொல்லன்.”

“மற்றப் பக்கம் விளைஞ்சதே!”

“வாயாடி” என்றார். பிறகு குரல் தணிந்து, “சரி, நீயே சொல்லு பிள்ளை. வயலை ஈடு வைக்கட்டோ? வை எண்டா வைக்கிறன்” என்றார்.

அது உண்மையான கேள்வி. ஓம் என்று அவள் சொல்லியிருந்தால் அன்றே வங்கிக்குப் போயிருப்பார். மூன்று சுற்றுத் தேர்விலும் தேறியவள் அவள். பதில் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்கத் தெரியும், பனரும் தொங்குகிறது. அவள் கோப்பின் நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், திரும்பவும் கட்டினாள்.

“மிஸ், நான் முதல் லைசென்ஸ் மட்டும் வேறொரு இடத்தில எடுத்திட்டு, உங்கட அடுத்த பட்ச்சுக்குப் போடலாமோ?”

“போடலாம்மா. ஆனா செலெக்ஷன் திரும்ப முதல்ல இருந்து. இப்ப பாஸ் பண்ணினது கணக்கில வராது.”

“விளங்குது மிஸ். நன்றி.” தொலைபேசியை நிறுத்திவிட்டுத் தகப்பனிடம் திரும்பினாள். “வயலை விடுங்கோ. மேட்டுக்காணியில பாதியை விப்பம்.”

“பாதியில எவ்வளவு தூரம் பறப்பாய்?”

“முதல் லைசென்ஸ் மட்டும்.”

“அதோட வேலை தருவினமோ?”

“தரமாட்டினம்.”

“பிறகு?”

“பிறகு அடுத்த கூட்டத்தில பாப்பம்.”

தவராசா வயல் உறுதியை எடுத்துப் பையில் வைத்தார். மேட்டுக்காணி உறுதியையும் எடுத்தார். காணியை இங்கேயே விற்பதற்கு இங்கிலீசு தேவையில்லை. அன்று அவர்களுக்கு நான் மொழிபெயர்த்தது அந்த ஒற்றை வரிதான்.

4. என் கணக்கு

புதிய விமானிகள் பயிற்சிக்குத் தாங்களே காசு கட்டுவது சரியா என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள், அந்தப் பனரைப் பார்த்தவர்கள். நான் விமானத் துறை ஆள் இல்லை. மேசைக்கு வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பஸ் டிப்போவில் புதிய சாரதிக்குப் பாதை பழக்கும்போது டீசல் காசை அவரிடம் கேட்பதில்லை. தாதியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குப் படி கொடுக்கிறார்கள். விமானிக்கு மட்டும் ஏன் தலைகீழ் என்று கேட்பது நியாயம். நிறுவனங்களின் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. பறப்புப் பயிற்சி பெருஞ்செலவு. தான் காசு கொடுத்துப் பழக்கியவர் முடித்த கையோடு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் நட்டம் தனக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. இத்தனை ஆண்டு வேலை செய்துதர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி, கட்டணத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாமே. பிள்ளை காசு கட்டினால் நிறுவனம் வேலை தர வேண்டும். வேலைக்கு உறுதி இல்லையென்றால் செலவில் பங்கு எடுக்க வேண்டும். காசும் பிள்ளையுடையது, காத்திருப்பும் பிள்ளையுடையது என்றால், கடன் எடுக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளே விமானி அறைக்குப் போவார்கள். ஸ்கந்தபுரத்திலிருந்து மூன்று சுற்றுத் தேர்விலும் தேறியவள் வெளியே நிற்பாள்.

மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். செய்தி எழுதும்போது யார் செய்தது என்று முதலில் கேட்கப் பழக்கினார்கள். ஒப்பந்தத்தை மொழிபெயர்க்கும்போது யார் கட்டுவது என்று முதலில் கேளுங்கள். அகராதியில் உள்ள சொல் அழகாக இருந்தாலும், கட்டுகிறவர் அதில் தெரியாவிட்டால் நீட்டி எழுதுங்கள்.

நிரோஜா கொழும்புப் பக்கத்தில் ஒரு பறப்புக் கழகத்தில் சேர்ந்தாள். போன மாதம் முதற்தடவையாகத் தனியே விமானத்தை ஏற்றி இறக்கினாள். நிறுவனத்தின் அடுத்த தேர்வுக்கும் விண்ணப்பித்தாள். இரண்டாவது சுற்றில் தேறவில்லை. வேலை இன்னும் இல்லை. விற்ற பாதி மேட்டுக்காணியில், வாங்கியவர் இந்த முறை கச்சான் கடலை போட்டிருக்கிறார்.