அது வந்து...

வானொலி நிலையத்தில் அவளைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டுகளின் தலையை நறுக்குவதால் வந்த பெயர். எடுத்த எடுப்பிலேயே முழங்கிக்கொண்டு வரும் பாட்டுகளை அவள் தொடுவதில்லை. ஃபேட்-இன் பாட்டுகள் என்று ஒரு வகை உண்டு. அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல ஒன்றும் கேட்காமல் தொடங்கி, ஆடி அசைந்து நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழையும். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் போதும். கணினியில் ஏற்றும்போதே முன்பகுதியை வெட்டி எறிந்து, சத்தம் முழுதாகக் கேட்கும் இடத்திலிருந்து தொடங்க வைத்துவிடுவாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

அதற்கு நியாயமும் இருந்தது. ஒலிபரப்பில் பத்து விநாடி சத்தம் இல்லாவிட்டால் அங்கே ஒரு அலாரம் விழித்துக்கொள்ளும். சிவப்பு விளக்கு சுழலும், தானாகவே வேறொரு இசை ஓடும், பொறியாளர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடி வருவார். மெல்ல வரும் பாட்டுக்கும் செத்துப்போன மைக்குக்கும் வித்தியாசம் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியதில் கத்திரி அக்காவுக்கும் தெரியாமல் போயிற்று.

பழியை முழுக்க இயந்திரத்தின் தலையில் போடவும் முடியாது. அவள் பிறவியிலேயே அவசரக் குடுக்கை. பஸ் வரவில்லை என்று அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பாள். இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில் அவள் போகும்போது பஸ் அவளைத் தாண்டிப் போகும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டவள், ஒரு நாளும் லிஃப்டுக்காக நின்றதில்லை.

அந்த மெக்கானிக் நேர் எதிர். எதைச் சொல்ல வந்தாலும் "அது வந்து..." என்று ஆரம்பித்து, வார்த்தையைத் தேடி எடுத்து, துடைத்து, பிறகுதான் வெளியே வைப்பார். "வந்ததெல்லாம் போதும், உக்காந்து விஷயத்தச் சொல்லுங்க" என்பாள் அவள். அவர் உட்காருவதற்குள் விஷயத்தையும் அவளே சொல்லிவிடுவாள். வருஷங்கள் போகப் போக மனிதர் பேச்சைச் சுருக்கி, கடைசியில் வெறும் "ம்" என்ற அளவில் வந்து நின்றார். அவள் பேசுவாள், அவர் உம் கொட்டுவார். வீடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே மகள். அப்பாவின் மூக்கையும் "அது வந்து"வையும் அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாலும், துணிக்கடையில் என்ன நிறம் வேண்டுமென்று கேட்டாலும், டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும், அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் பதில் வந்துவிடும். டாக்டர் ஒருமுறை, "வலி யாருக்கும்மா?" என்றே கேட்டார். படிப்பு முடிந்ததும் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலையைத் தெரிந்தவர் மூலம் பிடித்துக் கொடுத்தவளும் அம்மாதான். "பேசிப் பேசித்தான் பேச்சு வரும்" என்றாள். மகள் என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் வேலைக்குச் சேரும் தேதியே முடிவாகிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, என் வேலை... அது வந்து..."

"விட்டுட்டியா? விட்டிருப்ப! எனக்குத் தெரியும், உன் மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன். எவ்வளவு கெஞ்சி வாங்கிக் குடுத்த வேலை..."

தொடங்கியவள் அடுப்பில் வைத்த குக்கர் அடங்கிய பிறகும் அடங்கவில்லை.  மகள் பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு தோழியின் அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்செல்லாம் அப்பாவோடுதான்.

அவள் அன்று சொல்ல வந்தது என்ன? அதுதான் கத்திரி அக்காவை அரித்துத் தின்றது. விட்டிருந்தால் விட்டேன் என்று சொல்லியிருப்பாளே! பதவி உயர்வாக இருக்குமோ, வேறு ஊருக்கு மாற்றலோ, உடம்புக்கு ஏதாவதோ? பாத்திரம் கழுவும்போதும் இதே நினைப்பு, பஸ்ஸிலும் இதே நினைப்பு.

"உங்ககிட்டயாவது சொன்னாளா?" என்று கணவரைக் குடைவாள்.

"அவ சொல்லல. நானும் கேக்கல."

"அப்புறம் ரெண்டு பேரும் போன்ல என்னதான் பேசுறீங்க?"

"ம்... அதான் பேசுறோம்."

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது, கருவிப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

"அது வந்து... இன்னிக்கு அவ உன்னக் கூப்பிடலாம்."

"எப்ப? எத்தன மணிக்கு? என்ன சொன்னா?"

"அம்மா குறுக்க பேசாம கேப்பாங்களான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ம்முன்னு சொன்னேன்."

"எந்த ம்? கேப்பான்னு சொல்ற ம்மா, யோசிக்கிறேன்னு சொல்ற ம்மா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தபடி, அபூர்வமாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "இந்தத் தடவையும் நீ வெட்டினா, அவ மறுபடி கூப்பிட மாட்டா."

நிலையத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைபேசியை ஒலிபரப்பு மேசைமேல் திரை தெரியும்படி வைத்தாள், கவிழ்த்தாள், மறுபடி திருப்பினாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று திரையைப் பார்த்தாள், அரை நிமிஷத்தில் திரும்பவும் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அறிவிப்பாளர் இளைஞன் உள்பேசியில், "என்னக்கா, நாற்காலியில முள்ளா?" என்று கேட்டான். "உன் வேலையப் பாருடா" என்றாள். தண்ணீர் குடிக்கப் போனவள் கைபேசியை மறந்துவிட்டோமென்று பாதியில் ஓடி வந்தாள். கையிலேயே இருந்தது. தண்ணீர் குடிக்கவே இல்லை.

நேயர் விருப்பம் நேரம். அறிவிப்பாளன் அடுத்த பாட்டைச் சொன்னான். கத்திரி அக்கா வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான பழைய பாட்டு அது. கணினியில் அது இரண்டு வடிவத்தில் இருந்தது: வந்தபடி ஒன்று, கத்திரி வைத்தது ஒன்று. ஒரு கண் கைபேசியில் இருக்க, அவள் தட்டிவிட்டாள்.

சத்தமே இல்லை.

பாட்டு ஓடுவதாகத் திரை சொன்னது. ஒலி காட்டும் முள் படுத்தே கிடந்தது. வந்தபடி இருந்ததைத் தட்டிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளன் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். அவளுடைய இடது கை தானாகப் போய் அலாரத்தைத் தடுத்து வைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டது. வலது கை அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானின் மேல் நின்றது.

அப்போது ஏதோ கேட்டது. ஈரமான சாலையில் பத்துப் பேர் நடந்து வருவது போன்ற காலடிச் சத்தம். அதன்மேல் ஒரு முணுமுணுப்பு. பல்லவியின் மெட்டையே வார்த்தையில்லாமல் நாலைந்து பேர் முனகிக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்குச் சுருதி சேரவில்லை. யாரோ ஒரு பெண் அதைக் கேட்டு மெல்லச் சிரித்தாள். கத்திரி அக்கா திகைத்துப்போனாள். இந்தப் பாட்டில் சிரிப்பு இருக்கிறதா? தன் கையால் இதையா வெட்டிப் போட்டோம்? அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை. தெரியாமல் நிறுத்த அவளால் முடியவில்லை. வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் நெருங்கி வந்தது. சுருதி சேராதவரும் சேர்ந்துகொண்டார். அதன் பிறகே பல்லவி வந்தது. ஆயிரம் முறை போட்ட பல்லவி அன்றைக்கு ஏனோ அவள் கண்ணைக் கரிக்க வைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

முள் எழுந்து ஆடியது. அலாரப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அறிவிப்பாளன் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தான். பல்லவி இரண்டாம் முறை வரும்போது கைபேசியில் வெளிச்சம் வந்தது. மகள்.

"அம்மா."

சொல்லுடி, எங்க இருக்க, சாப்பிட்டியா, ஏன் இத்தனை நாள் பேசல என்று நாலு கேள்வி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ம்" என்றாள்.

"ரேடியோ கேட்டுட்டு இருந்தேன். அந்தப் பாட்டுக்கு முன்னாடி அவ்வளவு இருக்கா?"

"ம்."

"நீயா வெட்டாம விட்ட?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நல்ல பெயர் கிடைக்கும். "தப்பா விழுந்துடுச்சு" என்றாள். "அப்புறம்... நிறுத்தல."

மகள் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு, "அம்மா... அது வந்து..." என்றாள். அதோடு நின்றது.

கத்திரி அக்காவின் தலைக்குள் விநாடி ஓடத் தொடங்கியது. அவளுக்கு உடம்பெல்லாம் துறுதுறுத்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பத்து வந்தது, போனது. எங்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"ம்."

"அன்னிக்கு நான் சொல்ல வந்தது... வேலைய விட்டுட்டேன்னுதான்."

நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா! ஒரு மாதமாக உருட்டிய அத்தனை கவலையும் வீண், அவள் முதலில் சொன்னதே சரி. அந்த வெற்றி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உள்ளங்கையால் வாயை அழுத்தி மூடிக்கொண்டாள்.

"நீ சொன்னது சரிதாம்மா. ஆனா அத நான் சொல்லணும்னு இருந்தேன். பஸ்ல வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். படியேறும்போது கூட. நீ ஒரே வார்த்தையில முடிச்சிட்ட."

 வாயை மூடிய கத்திரி அக்காவின் கை ஈரமாக இருந்தது.

"அங்க போன் பண்றவங்க, நான் வாயத் திறக்கறதுக்குள்ள வெச்சிடுறாங்கம்மா. தினமும். அப்புறம் ஒரு நாள்... ஒருத்தர்... அது வந்து..."

பாட்டு முடியும் நேரம். அறிவிப்பாளன் கண்ணாடியைத் தட்டி, அடுத்தது என்ன என்று சைகையில் கேட்டான். கத்திரி அக்கா தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைபேசியை இடுக்கிக்கொண்டு, கணினியில் இருப்பதிலேயே நீளமான பாட்டைத் தேடிப் போட்டாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "ம்" என்றாள்.