பெயிண்டர் படி

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் லேத்துக்காரரின் மனைவி. வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத்தான் திறந்து பார்ப்பார்கள் என்பதால், மாடி வீடு கட்டி முடித்ததிலிருந்து இந்த வேலை அவள் தலையில். கீழே முதல் அடி விழுந்தபோது தொட்டிச் சுவர் அவள் முதுகில் அதிர்ந்தது. எவனோ எங்கோ இடிக்கிறான் என்று நினைத்தாள். அடுத்த அடியில் தெரிந்துவிட்டது, இடிபடுவது தங்கள் வீடு.

லேத்துக்காரர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. பட்டறையில் இரும்பு கடைந்த சம்பாத்தியத்தில் ஒரு மனை வாங்கி, தாங்கள் இருக்க ஒரு வீடு கட்டினார். மற்றதெல்லாம் குடிவந்தவர்களின் அட்வான்ஸில் எழுந்தது. முன்பக்கத்து டெய்லர் கொடுத்த பணம் பின்பக்கச் சுவரானது. பின்பக்கத்துக்கு வந்த பெயிண்டர் கொடுத்தது மாடிப்படியானது. யாராவது காலி செய்தால், புதிதாக வருகிறவரிடம் வாங்கி அந்தக் கையோடு கொடுத்துவிடுவார். ஒருவருடைய அட்வான்ஸையாவது தொடாமல் பேங்கில் போட்டுவையுங்கள் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். பேங்க்காரனுக்கு மாடி கட்ட நான் என்ன மடையனா என்று கேட்டார்.

கட்டியதற்கெல்லாம் பெயர் வைப்பார். டெய்லர் சுவர், பெயிண்டர் படி. வாடகை கொடுக்க வரும்போதெல்லாம் பெயிண்டரின் தோளைத் தட்டி, இது உன் படி, பார்த்து ஏறு என்பார். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்போடு கைப்பிடிச் சுவருக்குக் கூலி வாங்காமல் வர்ணமும் அடித்துக் கொடுத்திருந்தான்.

பெயிண்டருக்கு வெளியூரில் கம்பெனி வேலை கிடைத்தது. அங்கே வீடு பிடித்து, மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் தருவதாகச் சொல்லி வைத்தான். லேத்துக்காரரிடமும் முன்கூட்டியே சொன்னான். அவர் கையிலோ சல்லிக்காசு இல்லை. இருந்ததெல்லாம் மாடி வீட்டில் தரையாகவும் கதவாகவும் கிடந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள் குழாயைத் திறந்து மூடிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை தருகிறேன், புரோக்கர் ஆள் கூட்டி வருகிறார் என்று அவர் இழுத்தடித்தார். அந்த வெள்ளிக்கிழமை காலை, பெயிண்டர் சாமான்களை வண்டியில் ஏற்றி முடித்த நேரத்தில், அந்த ஊர் வீட்டுக்காரர் வீட்டை வேறொருவருக்கு விட்டுவிட்டதாகப் போனில் சொன்னார்.

பெயிண்டர் லேத்துக்காரரின் வாசலில் வந்து நின்றான். அவர் ஆறுதலாகத்தான் பேசினார். சாமானை இறக்கு தம்பி, இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போ, வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கறேன் என்றார்.

பெயிண்டர் படிப்பக்கம் போனான். மாடி கட்டிய கொத்தனார் விட்டுப்போன சம்மட்டியைப் படிக்கடியிலிருந்து எடுத்தான்.

"இது என் படின்னு நீங்கதானண்ணே சொன்னீங்க. என்னோடதை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

கைப்பிடிச் சுவர் மூன்றாவது அடியில் சரிந்தது; அடுத்த அடிகளில் படிகளும் பெயர்ந்தன. லேத்துக்காரர் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். அவன் உதறியதில் சுவரில் மோதி அவர் மூக்கு உடைந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவருக்கும் வெறி ஏறிவிட்டது. கிடந்த குழாய்த் துண்டை எடுத்து அவன் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் வண்டியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்கே கேட்டது. ஒரு கை தொங்கிப்போக, மறு கையால் அவன் சம்மட்டியை வீசினான். அது படியில் குழாயோடு ஊன்றியிருந்த அவருடைய வலது கையில் இறங்கியது.

அவர் மனைவி ஈரச் சேலையோடு, உடைந்த படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தாள். குழாயை இடது கையில் மாற்றிப் பிடித்து, கீழே கிடந்தவனை அவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய முடியைப் பற்றி இழுத்துக் கீழே தள்ளினாள். தாலி கட்டிய நாளிலிருந்து அவள் அவர்மேல் கை வைத்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் லேத்துக்காரருக்கு இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இனி லேத்து ஓட்ட முடியாது என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். பெயிண்டர் அடுத்த வார்டில் கிடந்தான். அவன் மனைவியையும் குழந்தையையும் தங்கள் வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டு வந்ததாக அவள் சொன்னாள். போலீஸ் இருவரையும் விசாரிக்க வரும் என்றும், வீட்டை விற்றாவது அவன் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

அவர் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி யோசித்தார்.

"விக்க வேண்டாம். நாம மேல ஏறிக்கலாம். நாம இருக்கறது பெரிய வீடு, அதை வாடகைக்கு விட்டா நல்ல அட்வான்ஸ் வரும். அதுல பாதியை அவனுக்குக் குடுத்துட்டு, மீதியில படியைக் கட்டிடலாம். என்ன சொல்ற?"

அவள் மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.