முதல் பதினொரு பேர்

ஷார்ஜாவில் நாங்கள் இருந்த காலத்தில், நகரத்துக்கென்று ஒரு சிம்பொனி இசைக்குழு உண்டானது. அது உண்டான இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டறை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அங்கேதான் உட்கார்ந்து முதலாம் வகுப்பு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியங்களில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பதினொரு பேர் வாசிப்பார்கள். வெள்ளைக்கார ஆசிரியர்கள் ஐந்து பேர், பிலிப்பைன்ஸ் நர்சுகள் மூவர், கோவாக்காரர் ஒருவர், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு மலையாளி, வயலினோடு என் அம்மா. யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியாஸ்திரி கற்றுக்கொடுத்த வயலின் அது. எனக்கு அந்தச் சத்தத்தில் எழுத்துக்கூட்டவே வராது.

பிறகு ஒரு பெரிய கம்பெனி இசைக்குழுவைத் தத்தெடுத்தது. ஐரோப்பாவிலிருந்து இசை நடத்துநர் வந்தார். அவர் பின்னால் வாத்தியக்காரர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். அம்மாவின் நாற்காலி ஒவ்வொரு வரிசையாகப் பின்னுக்குப் போனது. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அப்போது நன்றி தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். நல்லாய் வாசிக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றார் அம்மா, யாரோ கேட்டதுபோல.

ஐந்தாம் ஆண்டுக் கச்சேரிக்கு எங்களுக்கும் டிக்கெட் வந்தது, மேல்மாடியில். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு வழவழப்பான புத்தகம். இசைக்குழுவின் வரலாறாம். கம்பெனி முதலாளி ஒருநாள் கண்ட கனவிலிருந்து அது பிறந்ததாக முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். சாப்பாட்டறை இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை. அடுத்த பக்கத்தில், தொடக்கத்தில் பதினொரு பேரும் சேர்ந்து நின்று எடுத்த பழைய போட்டோ. அதில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். அம்மா நின்ற பக்கத்தை வெட்டியிருந்தார்கள். வயலின் வில்லின் நுனி மட்டும் விளிம்பில் மிஞ்சியிருந்தது. இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

இடைவேளையில் கழிவறைக்கென்று சொல்லிவிட்டு நான் கீழே போனேன். வாசல் மேசையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பேனாவை எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த விளிம்பில் அம்புக்குறி போட்டு, ‘என் அம்மா இங்கே நின்றார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஐந்தாறு புத்தகங்களில் எழுதியபோது ஒருவர் என் கையைப் பிடித்துவிட்டார். கோட்டுப் போட்ட கம்பெனி ஆள். சத்தம் போடவில்லை, யாருடைய பிள்ளை என்று மட்டும் கேட்டார்.

அம்மா வந்தார். புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மன்னிப்புக் கேள், பிள்ளை.”

“நான் ஏன் கேக்கோணும்? அவையெல்லோ உங்களை வெட்டினவை.”

“கேள்.”

கேட்டேன். அம்மாவும் கேட்டார், என்னைவிட நீளமாக, அப்பாவின் பெயரைச் சொல்லி, அவருக்கு இது ஒன்றும் தெரியாது என்று இரண்டு தரம் சொல்லி. அந்த ஆள் பெருந்தன்மையோடு தலையசைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் வந்த கோபமெல்லாம் அம்மாமேல் திரும்பியது.

டாக்சியில் அழுதுகொண்டே கேட்டேன்: “உங்களுக்கு ரோசமே இல்லையோ, அம்மா?”

அவர் கைப்பையைத் திறந்து டாக்சிக் காசை எண்ணி எடுத்தார். ரோலா பகுதியில் எங்கள் கட்டடம் தெரிகிற நேரத்தில் சொன்னார்.

“போட்டோவில இருந்து மட்டும்தானே வெட்டினவை. அதோட நிக்கட்டும்.”

கோழை என்று நினைத்தேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அந்தக் கம்பெனியின் கிடங்கில்தான் அப்பா வேலை செய்தார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் மூவரின் விசாவும் அப்பாவின் வேலையோடு ஒட்டியிருந்ததும் தெரியும். தெரிந்தவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் அப்போது தெரியவில்லை.