ஓரத்தில் ஒரு அம்புக்குறி

பழங்கால பைபிள் கையெழுத்துப் பிரதி ஒன்றைப் போனில் பார்த்ததும் துள்ளி எழுந்தேன். எழுதியவர் விட்டுவிட்ட வரியை ஓரத்தில் சேர்த்திருந்தார்!

திண்டுக்கல்லில் எங்கள் சபையார் பைபிளைப் பங்குபோட்டுக் கையால் எழுதியபோது, எங்கள் வீட்டுக்குச் சங்கீதம் என்ற துதிப்பாடல் பகுதி வந்தது. பூண்டு உரித்த கையைக் கழுவி, முகர்ந்து பார்த்த பிறகே அம்மா பேனாவைத் தொடுவாள். வரிக்கு வரி ஒரே மாதிரி முடியும் சங்கீதத்தில் கண் தாவி, ஒரு வரி விட்டுப்போனது.

"அம்புட்டும் வீணாப் போச்சே!" என்று அழுதாள்.

"கிழிச்சிராத. ஓரத்துல எழுதி அம்புக்குறி போடு" என்றார் அப்பா.

ஆலயத்தில் வைத்த அந்தக் கையெழுத்து பைபிளில் யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அம்மா தலைகுனிவாள்.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். "அம்மா, அந்தக் காலத்துலயே ஒருத்தர் வரிய விட்டுட்டு ஓரத்துல எழுதியிருக்காரு!"

அம்மா உச்சுக்கொட்டினாள்.

"பாவம், அந்த மனுசன் எம்புட்டு அழுதாரோ!"