எல்லா முகமும் ஒரே அளவு

எங்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் மோட்டாரின் மேல் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பல வருடமாகக் கிடந்தது. வெயிலில் வெளுத்தது போக அதில் மிச்சமிருந்தவை இரண்டு மீசைகள், ஒரு திருநீற்றுப் பட்டை, யாரோ தலைகீழாகப் பிடித்திருக்கும் ஒரு புத்தகம். கீழே ‘வாசிப்புச் சிங்கங்களே, வாழ்க!’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த வாசகம் என்னுடையது. டீச்சருக்கு அது பிடிக்கவே இல்லை. “சிங்கம் என்னைக்குத் தம்பி வாசிச்சிச்சு?” என்று கேட்டார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நூலகர். கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு பேரிடம் கையெழுத்து வாங்குகிற எந்தப் பெண்ணும் எங்கள் ஊருக்கு டீச்சர்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் ஃப்ளெக்ஸ் கடை வைத்த புதிதில், அந்த நூலகத்துக்கு வந்த பெரியவர்களில் பாதிப்பேர் பேப்பருக்காக வந்தார்கள், மீதிப்பேர் மின்விசிறிக்காக வந்தார்கள். ஆள் வரத்து இப்படியே இருந்தால் அக்கரை நூலகத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அக்கரை என்றால் தாமிரபரணிப் பாலம் தாண்டி இரண்டு பஸ் மாற வேண்டும். தன் மாற்றலைப் பற்றி டீச்சருக்குக் கவலை இல்லை. பள்ளி விட்டதும் பையைப் போட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடிவரும் சில பெண்பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. “தெரு முக்குல இருக்கப் போயித்தான் அதுகள விடுதாவ. ஆத்தத் தாண்டி எந்த வீட்டுல தம்பி அனுப்புவாவ?” என்றார். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

முதலில் அவர் முறைப்படி எல்லாம் செய்து பார்த்தார். நூலகத்துக்கு வாருங்கள் என்று துண்டறிக்கை அடித்து, பேப்பருக்குள் வைத்து வீடு வீடாக அனுப்பினார். மறுநாள் அவர் வாங்கிய உளுந்தவடை அதில்தான் மடித்து வந்தது. பிள்ளைகளை வைத்து ஊர்வலம் நடத்தினார். ஊரே வாசலில் நின்று பார்த்தது, நீட்டிய மிட்டாயையும் வாங்கிக்கொண்டது, நூலகத்தை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் என் கடைக்கு வந்தார். அன்று ஒரு சடங்கு வீட்டு ஃப்ளெக்ஸுக்காக இரண்டு தாய்மாமன்கள், யார் படம் பெரிது என்று என் கம்ப்யூட்டர் முன்னால் கட்டிப் புரளாத குறையாக மல்லுக்கு நின்றார்கள். டீச்சர் வாங்கிய டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டுச் சண்டையும் படத்துக்கா தம்பி?”

“ஆமா டீச்சர். மருமவ படத்த ரெண்டு பேரும் இன்னும் பாக்கவே இல்ல.”

“அப்ப புஸ்தகம் எடுக்கவங்க படத்தப் போடு. ஆனா எல்லா மொகமும் ஒரே அளவு.”

நூலக வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் முதலில் ஏறியது இட்லிக்கடை அண்ணாச்சியின் முகம். மகள் கேட்டாள் என்று ஒரு கோலப் புத்தகம் எடுத்திருந்தார், அவ்வளவுதான். படம் தொங்கிய அன்று காலையே அவருக்கு எதிர்க்கடைக்காரரான இரும்புக்கடை அண்ணாச்சி, கடையைக்கூடத் திறக்காமல் என்னிடம் வந்துவிட்டார். “ஏலே, அவன் என்னைக்குலே புஸ்தகத்தத் தொட்டான்?” நேரே நூலகத்துக்குப் போய், இருப்பதிலேயே தடியான புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது கோழி நோய்களைப் பற்றியது. மறுவாரம் இரண்டு முகங்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. அவசரமாகப் படம் எடுத்ததில் இரும்புக்கடை அண்ணாச்சி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நானும் கவனிக்கவில்லை. “என் படத்த மட்டும் ஒரு விரக்கடை பெருசாக்கு” என்று ஒரு விரலைக் குறுக்கே வைத்து அளவு காட்டி, இருவரும் தனித்தனியே வந்து கேட்டார்கள். இட்லிக்கடை அண்ணாச்சி பார்சலோடு வந்தார். இட்லியைச் சாப்பிட்டேன், படத்தைத் தொடவில்லை.

வினை டீக்கடையில் ஆரம்பித்தது. “கோழிக்குக் கழிச்சல் வந்தா என்ன வே செய்யணும்? தடிப் புஸ்தகம்லா படிச்சீரு?” என்று இட்லிக்கடை அண்ணாச்சி எல்லார் முன்னாலும் கேட்க, இரும்புக்கடை அண்ணாச்சி திருதிருவென்று விழித்தார். டீக்கடையே சிரித்தது. மானம் போனவர், அந்தப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை வாசித்தார். அடுத்து, எதிராளி திருப்பிக் கொடுத்த நாவலை மேசையில் வைக்கவிடாமல் வாங்கி வாசித்தார், அதிலிருந்து கேள்வி கேட்டு மடக்குவதற்காக. அவரை மடக்க இவர் வாசித்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கட்சி பிரிந்து வாசித்தார்கள். ஊரில் அறிவுத்தாகம் பெருகிவிட்டதாகப் பெரியவர்கள் மெச்சிக்கொண்டார்கள். முகம் ஒட்டுகிறவன் எனக்குத் தெரியாதா, அது சுத்தமான பொறாமை.

மேலிடத்து அதிகாரி சோதனைக்கு வந்த நேரம் பார்த்து இருவரும் நூலகத்துக்குள், ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு அடியிலேயே கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு நாவலின் முடிவில் கதாநாயகி புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனது சரியா தப்பா என்று சண்டை. அதிகாரி சமாதானம் செய்யப் போனார். “சார், நீங்க இதப் படிச்சிருக்கியளா? படிச்சிட்டு வந்து பேசுங்க” என்றார் இட்லிக்கடை அண்ணாச்சி. இரும்புக்கடை அண்ணாச்சியும் தலையாட்டினார். வாழ்நாளில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நூலகம் இந்தக் கரையிலேயே இருக்கட்டும் என்று அதிகாரி எழுதிவிட்டார். ஆனால் அனுமதி இல்லாமல் வைத்த ஃப்ளெக்ஸை உடனே கழற்றச் சொன்னார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கழத்து தம்பி, அதுக்கென்ன” என்றார். அப்படித்தான் அது என் வீட்டு மோட்டாருக்கு வந்தது. இனி யார் வருவார்கள் என்று நான் பயந்தேன். முகம் இறங்கினாலும் சண்டை முடியவில்லை, அதனால் எல்லாரும் வந்தார்கள்.

டீச்சர் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கிறார். பெண்பிள்ளைகள் இன்றும் பள்ளி விட்டதும் அதே தெரு முக்குக்கு ஓடுகிறார்கள். இட்லிக்கடை அண்ணாச்சி போன ஆடியில் தவறிவிட்டார்.

சென்ற வாரம் மழையோடு மழையாக இரும்புக்கடை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கொல்லைக்குப் போய் ஃப்ளெக்ஸை உருவி உதறி, அந்த இரண்டு மீசைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். “லைப்ரரிக்குள்ள மாட்ட இதே மாதிரி ஒண்ணு அடிச்சுத் தா. இந்த மட்டம் அனுமதி வாங்கியாச்சு.”

“ஒரே அளவுதான அண்ணாச்சி?”

அவர் இட்லிக்கடை அண்ணாச்சியின் மீசையைத் தொட்டார். “அவன் படத்த ஒரு விரக்கடை பெருசாப் போடுலே” என்றார். “அவன் போனதுலருந்து எனக்குப் புஸ்தகத்துல ஒரு பக்கம் ஓட மாட்டேங்கு. அங்கன அவன் பெருசா நின்னாத்தான் எனக்கு வயிறு எரியும். எரிஞ்சாத்தாம்லே வாசிக்க முடியும்.”

டீச்சருக்குப் போன் போட்டு விதியைத் தளர்த்தலாமா என்று கேட்டேன். “ஒரு விரக்கடை போதும் தம்பி” என்றார். “கீழ சிங்கம் மட்டும் வேண்டாம்.”

பழைய ஃப்ளெக்ஸை அண்ணாச்சியே மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மோட்டாருக்கு இப்போது ஒரு சாக்கைப் போட்டு மூடியிருக்கிறேன்.