கண்டக்டரே, நீங்க எங்க போறீங்க?

மலை பஸ்ஸுல கண்டக்டருக்கு டிக்கெட் குடுக்கிறதும் விசில் ஊதறதும் மட்டும் வேலையில்லைங்க; யாரு எங்க போறாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கிறதும் எங்க வேலைதான்.

அதுவே எனக்கு வெனையாப் போச்சு. கொஞ்ச மாசமாத் தூக்கமில்லை. கொண்டை ஊசி வளைவு வந்தாக் கை நடுங்குது, காரணமே இல்லாம அழுகை வருது. சேலம் பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பாக்கணும். ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச மூஞ்சி, எப்படிங்க போறது? கூரையைப் பாத்துக்கிட்டே விடிய வைக்கிற கூட்டாளிங்களா, உங்களுக்குப் புரியும்.

எலுமிச்சம்பழம்

குமட்டுறவங்களுக்குன்னு பையில எலுமிச்சம்பழம் வச்சிருப்பேன். "வாந்தி வர்றதுக்கு முன்னாடியே சொல்லுங்க"ன்னு தெனமும் கத்துவேன். ஒரு நாள் எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்துக் கொட்டிருச்சு. கம்பியைப் புடிச்சுக்கிட்டுப் பழத்தை நானே மோந்துக்கிட்டு நின்னேன். முன்சீட்டுல இருந்த வாழவந்தி ஊருப் பெரியவரு நிமிர்ந்து பாத்தாரு.

"ஏனுங்க, கடைக்காரரே சரக்கைத் தின்னா யாவாரம் என்னத்துக்கு ஆவுமுங்க?"

டிரைவர் வைத்தியம்

மனசு கேக்காம எங்க டிரைவர் அண்ணங்கிட்டச் சொன்னேன். "அட, கண்ணு பட்டிருக்குதப்பா, இதுக்குப் போயி டாக்டரா?"ன்னாரு. எம்பையில இருந்த பழத்தையெல்லாம் எடுத்து என் தலையைச் சுத்தி, டயருக்கு அடியில வச்சு நசுக்கி வண்டியை எடுத்தாரு. பாதி மலையில ஒரு டூரிஸ்ட் தம்பிக்குக் குமட்டுச்சு. குடுக்கப் பழமில்லை. மொத்தமும் என் காக்கிச் சட்டை மேல. அண்ணன் கண்ணாடியில பாத்துட்டுச் சந்தோசமாச் சொன்னாரு:

"பாத்தியா, திருஷ்டி பூராவும் எறங்கிருச்சு!"

லீவு நாள்

அதுக்கப்புறம் ஒரு லீவு நாள் டாக்டரைப் பாக்கன்னு பயணியா ஏறினேன். டூட்டியில இருந்த கண்டக்டர் தம்பி "எங்கண்ணே?"ன்னான். "அக்கா ஊட்டுக்கு"ன்னு வாயில வந்துருச்சு. எனக்கேது அக்கா! பாதியிலயே எறங்கி ஊடு திரும்பிரலாமான்னு அடிவாரம் வரைக்கும் அல்லாடினேன். எப்படியோ பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயி டாக்டர் ரூம் வாசல் பெஞ்சைப் பாத்தா, மலைமேல வெள்ளக்கடை ஊரு அம்மிணி ஒருத்தங்க உக்காந்திருக்காங்க. மாசாமாசம் "மக ஊட்டுக்கு"ன்னு எங்கிட்ட டிக்கெட் வாங்குறவங்க!

எனக்கு உசுரே போயிருச்சு. கர்ச்சீப்பால மூஞ்சியை மூடிக்கிட்டு, "அக்கா ஊட்டுக்குப் போற வழியிலங்க"ன்னு ஒளறிக்கிட்டே திரும்பி நடந்தேன். அவங்க விடலை. கூப்பிட்டு, பையை நகத்தி எடம் விட்டாங்க.

"உக்காருங்க கண்டக்டரே, டாக்டரு நொம்பத் தன்மையாக் கேப்பாங்க, எனக்கு மட்டும் மக இருக்குதுங்களா என்ன?"

இப்பவெல்லாம் அவங்க பஸ் ஏறினா "மக சௌக்கியமுங்களா?"ன்னு நான் கேக்கிறதும், "உங்கக்கா நல்லாத் தூங்குறாங்களா?"ன்னு அவங்க கேக்கிறதுமா, இல்லாத சொந்தக்காரங்க புண்ணியத்துல ரெண்டு பேரும் பொழைச்சுக் கெடக்கிறோமுங்க.